கும்பினி, கம்பெனி, நிறுமம்

இன்று நாம் கம்பெனி என்று வழங்கும் சொல் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழில் கும்பினி என்று ஒலித்தது. இதன் வேர் இலத்தீனில் உள்ளது: 'கோம்' என்றால் உடன், 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஒன்றாக அமர்ந்து ரொட்டியைப் பகிர்ந்துண்பவர்களைக் குறித்த சொல், பின்னர் தோழமையையும், அதன்பின் முதலையும் இலாபத்தையும் பகிர்ந்துகொள்ளும் வணிகக் கூட்டையும் குறிக்கலாயிற்று.

தமிழ் மண்ணில் இச்சொல் வணிகத்தோடு நிற்கவில்லை. கும்பினியார் என்றால் ஆள்பவர். கும்பினிப் படை என்றால் ஊரை முற்றுகையிடும் படை. 1600இல் இங்கிலாந்து அரசியின் பட்டயம் பெற்று வணிகத்துக்காகத் தொடங்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, 1639இல் மதராசப்பட்டினத்தில் இடம் பெற்று, 1765இல் வங்காளம், பீகார், ஒரிசா ஆகியவற்றில் வரி வசூலிக்கும் திவானி உரிமையை முகலாயப் பேரரசரிடமிருந்து பெற்று, 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சியையும் தன்வசப்படுத்திக்கொண்டது. வரி, படை, தூக்குமேடை ஆகிய மூன்றும் பங்குதாரர்களுக்கு இலாபப் பங்கு வழங்கும் ஓர் அமைப்பின் கையில் இருந்தன. கும்பினி என்ற சொல்லில் அந்த அச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இன்றைய பெருநிறுவனங்களுக்குச் சொந்தப் படை தேவைப்படுவதில்லை. நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களே அவற்றுக்குப் போதுமானவை. இந்தியா 2012இல் வருமானவரிச் சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தி, அதன் அடிப்படையில் பிரிட்டனின் கெய்ர்ன் எனர்ஜி நிறுவனத்திடம் வரி கேட்டபோது, அந்நிறுவனம் அத்தகைய ஓர் ஒப்பந்தத்தின்படி, இந்திய நீதிமன்றங்களுக்கு வெளியே, நடுவர் தீர்ப்பாயத்தை நாடியது. 2020 டிசம்பரில் அத்தீர்ப்பாயம், இந்தியா சுமார் 120 கோடி டாலர் தரவேண்டும் என்றது. 2021 ஜூலையில், பாரிசில் உள்ள இந்திய அரசின் சொத்துகள் பிரெஞ்சு நீதிமன்ற ஆணையின்படி முடக்கப்பட்டன; அடுத்த மாதமே நாடாளுமன்றம் அந்த வரியைக் கைவிடச் சட்டம் இயற்றியது. முன்தேதியிட்ட வரி நியாயமானதா என்பது வேறு வழக்கு. மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தின் சட்டம் யாருடைய மன்றத்தில் எடைபோடப்பட்டது என்பதே இங்கு எனக்கு முதன்மையாகப் படுகிறது.

இனி, கம்பெனி என்பதற்கான தமிழ் நிகர். நிறுவனம் என்ற சொல் ஆய்வகத்தையும் அறக்கட்டளையையும்கூடக் குறிக்கும். பழந்தமிழின் சாத்து அழகான சொல். ஆனால் அது சேர்ந்து பயணம் செய்யும் வணிகர்களைக் குறிப்பது. கம்பெனியோ உறுப்பினர்களிலிருந்து வேறான, தன் பெயரிலேயே வழக்காடவும் சொத்து வைத்திருக்கவும் வல்ல சட்ட ஆள். அதற்கு, நிறுவு என்ற வினையோடு உறவுடைய நிறுமம் பொருந்தும். சட்டத் தமிழிலும் அது வழக்கில் உள்ளது.

தமிழகத்தில் பன்னாட்டு நிறுவனம் என்றும் இலங்கையில் பல்தேசியக் கம்பனி என்றும் சொல்வதில்தான் எனக்குத் தயக்கம். பன்னாட்டு நாணய நிதியத்தில் நாடுகளே உறுப்பினர்கள். அங்கு அந்த அடைமொழி சரி. ஒரு வணிக நிறுமத்தில் நாடுகள் உறுப்பினர்கள் அல்ல. அது பல நாடுகளில் தொழில் செய்யும், ஆனால் பங்குதாரர்களுக்கே கணக்குக் காட்டும். ஆகவே அதை நாடுகடந்த நிறுமம் என்று எழுதுவதே துல்லியம்; கார்ப்பரேட் என்று பொதுவாகச் சொல்லுமிடத்தில் பெருநிறுமம் எனலாம்.