காசநோய் ஆய்வக அறிக்கையில் 'சென்சிட்டிவிட்டி': எதனுடைய உணர்திறன், யாரிடம் அளந்தது?

காசநோய் ஆய்வகத்தில் பணியாற்றும் நுண்ணுயிரியல் மருத்துவர் என்ற முறையில் 'சென்சிட்டிவிட்டி' என்ற சொல்லை நான் நாள்தோறும் பலரிடமிருந்து கேட்கிறேன். பரிசோதனைக் கருவியை விளக்க வரும் நிறுவனப் பிரதிநிதி, நோயாளிகளில் எத்தனை பேரை அந்தக் கருவி கண்டுபிடிக்கும் என்ற பொருளில் அதைச் சொல்கிறார். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் அறிக்கையில் அதே சொல், கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதைக் குறிக்கிறது. தோலில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் செவிலியருக்கு அது உடலின் எதிர்வினை. ஆய்வுத் தரவுகளைப் பகுத்துப் பார்க்கும் புள்ளியியலாளருக்கோ, தம் அனுமானங்களைச் சற்றே மாற்றினால் முடிவு எவ்வளவு அசைகிறது என்ற கேள்வி. நால்வரும் சரியாகவே பேசுகிறார்கள். ஒரு துறையின் பொருளை இன்னொரு துறையின் தாளில் வைத்துப் படிக்கும்போதுதான் நோயாளிக்குத் தீங்கு நேர்கிறது.

மிக அடிக்கடி நேரும் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். "ரிஃபாம்பிசின் – சென்சிட்டிவ், ஐசோனியசிட் – சென்சிட்டிவ்" என்று அச்சிட்ட அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த மாத்திரை எங்க அப்பாவுக்கு ஒத்துக்காதுன்னு போட்டிருக்கே டாக்டர், நிறுத்திடலாமா?" என்று கேட்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பற்பசை விளம்பரங்களும் தோல் களிம்பு உறைகளும் சென்சிட்டிவ் என்றால் கூச்சம், ஒவ்வாமை என்றே நம்மைப் பழக்கியிருக்கின்றன. ஆகவே அந்தக் கேள்வியில் வியப்பில்லை. ஆனால் அந்த அறிக்கை அப்பாவின் உடலைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய சளியிலிருந்து வளர்த்தெடுத்த கிருமியைப் பற்றிப் பேசுகிறது. கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதே அதன் பொருள். நோயாளிக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல செய்தி அது; மாத்திரையை ஒரு நாளும் விடாமல் தொடர வேண்டும். 'ரெசிஸ்டன்ட்', அதாவது கிருமி மருந்தை எதிர்க்கிறது என்று வந்தால்தான் சிகிச்சையை மாற்ற வேண்டிவரும். மருந்து உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா, கல்லீரலைப் பாதிக்கிறதா என்பதைக் கல்ச்சர் அறிக்கை ஒருபோதும் சொல்லாது.

இனி, நோயைக் கண்டறியும் பரிசோதனையின் உணர்திறன். இந்தச் சொல்லுக்கு இன்று மருத்துவப் புள்ளியியலில் உள்ள வரையறையை 1947இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜேக்கப் யெருஷால்மி வகுத்தார். நெஞ்சக எக்ஸ்-ரே படங்களை மருத்துவர்கள் படிக்கும்போது ஒருவர் கணிப்பும் இன்னொருவர் கணிப்பும் மாறுபட்டதை ஆராய்ந்த கட்டுரை அது. நோயுள்ளவர்களில் எத்தனை பேரைப் பரிசோதனை நோயுள்ளவர் என்று காட்டுகிறது என்பது உணர்திறன். நோயற்றவர்களில் எத்தனை பேரை நோயற்றவர் என்றே விடுகிறது என்பது அதன் இணையான இன்னோர் அளவு. இரண்டும் ஏற்கெனவே நோயின் நிலை தெரிந்தவர்களிடம் அளந்தவை. வீட்டில் இருமிக்கொண்டிருப்பவருக்கு நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு அவை நேரடியான விடை அல்ல.

ஆய்வகத்தாரிடம் இதற்கு நெருங்கிய வேறோர் அளவும் உண்டு. ஒரு மில்லிலிட்டர் சளியில் குறைந்தது எத்தனை கிருமிகள் இருந்தால் கருவிக்குத் தென்படும் என்பதே அது. நுண்ணோக்கியில் சளியைப் பார்க்கும் பழைய முறைக்குச் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகள் வேண்டும். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த எக்ஸ்பெர்ட் என்ற மரபணுப் பரிசோதனைக்கு, நம் அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்று அழைக்கப்படும் அதற்கு, ஏறத்தாழ 113 போதும். 2017இல் வந்த அல்ட்ரா என்ற அதன் மேம்பட்ட வடிவத்திற்குச் சுமார் 16. எண்ணைக் கேட்டவுடன் இனி யாரும் தப்ப முடியாது என்று தோன்றும். ஆனால் கண்ணி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மீன் இல்லாத நீரில் வலையை வீசினால் ஒன்றும் சிக்காது. ஆழமாக இருமி எடுத்த சளிக்குப் பதிலாக எச்சில் வந்து சேர்ந்தால், கருவியின் 16 என்ற எண்ணுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. சிறு குழந்தைகள் சளியை விழுங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய நோயில் கிருமிகளும் குறைவு. மூளையுறையில் காசநோய் வந்தவரின் தண்டுவட நீரிலும் அப்படித்தான். ஆய்வகத்தில் அளந்த உணர்திறன் மாறாமல் இருக்க, நோயாளியிடம் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இதை எண்களிலேயே காணலாம். எக்ஸ்பெர்ட் பரிசோதனை பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வின்படி, நுண்ணோக்கியிலேயே கிருமி தெரிந்த நோயாளிகளில் 98 சதவீதத்தினரை அது கண்டுபிடித்தது. நுண்ணோக்கியில் தெரியாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி வளர்ந்தவர்களில் 67 சதவீதத்தினரைத்தான் கண்டுபிடித்தது. ஒரே கருவி, ஒரே வேதிப்பொருள். யாரிடம் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் இவ்வளவு மாறுகிறது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த 67க்கு அளவுகோலாக நின்றது கல்ச்சர். கல்ச்சரிலும் வளராத காசநோய் உண்டு. அத்தகையோர் இந்தக் கணக்கில் நோயாளிகளாகவே சேர்வதில்லை. எனவே 'நெகட்டிவ்' என்ற சொல்லை, 'இந்த மாதிரியில் இந்த முறைக்கு எட்டும் அளவில் கிருமி இல்லை' என்றே நான் படிக்கிறேன். அதை 'உங்களுக்கு நோய் இல்லை' என்று பெயர்த்துச் சொல்லும் உரிமை ஆய்வகத்திற்குக் கிடையாது. இரண்டு வாரத்திற்கு மேல் இருமலும், மாலைக் காய்ச்சலும், எடைக் குறைவும் தொடரும் ஒருவர், சளிப் பரிசோதனை ஒரு முறை நெகட்டிவ் என்று வந்ததைக் காட்டி மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடக் கூடாது.

அறிகுறியைக் கேட்டுப் பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான். அதற்கும் உணர்திறன் உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 2019 முதல் 2021 வரை நடந்த இந்தியத் தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பில், நெஞ்சக எக்ஸ்-ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் நம்பியிருந்தால் கண்டறிந்த நோயாளிகளில் 42.6 சதவீதத்தினர் தவறிப்போயிருப்பார்கள். இருமல் இல்லாதவருக்கும் நுரையீரலில் நோய் இருக்கலாம் என்பதை இதைவிட உறுதியாகச் சொல்லும் சான்று நம் நாட்டில் வேறில்லை என்று கருதுகிறேன்.

அப்படியானால் உணர்திறன் கூடக்கூட நல்லதுதானே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அல்ட்ரா அதற்கு ஒரு பாடம். மிகக் குறைந்த மரபணுச் சுவட்டையும் அது பிடித்துவிடுவதால், சில ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை முடித்துக் குணமடைந்தவரின் நுரையீரலில் எஞ்சியிருக்கும் இறந்த கிருமியின் மரபணுவையும் பிடிக்கிறது. 'டிரேஸ்' (சுவடு) என்று வரும் அத்தகைய முடிவு, முன்பு நோய் வராத குழந்தையிடமோ எச்ஐவி தொற்றுள்ளவரிடமோ கிடைத்தால் ஒரு பொருள்; முன்பு சிகிச்சை பெற்றவரிடம் கிடைத்தால் வேறு பொருள். அவரை மீண்டும் ஆறு மாத மருந்துக்கு அனுப்புவதற்கு முன் எக்ஸ்-ரேயும் கல்ச்சரும் பார்த்தாக வேண்டும்.

ஊர் முகாம்களில் இது இன்னும் கூர்மையாகிறது. மேற்சொன்ன கணக்கெடுப்பின்படி பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் லட்சத்திற்குச் சுமார் 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருந்தது. அதாவது 10,000 பேரில் ஏறத்தாழ 30 பேர். நோயுள்ளவர்களில் 85 சதவீதத்தினரைக் கண்டுபிடித்து, நோயற்றவர்களில் 98 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடும் ஒரு பரிசோதனையை இந்த 10,000 பேருக்கும் செய்வதாக வைத்துக்கொள்வோம். நோயுள்ள 25 பேர் அகப்படுவார்கள். கூடவே நோயே இல்லாத 200 பேருக்கும் 'பாசிட்டிவ்' என்று வரும். அதே பரிசோதனையை, ஐந்தில் ஒருவருக்கு நோயுள்ள மருத்துவமனை வரிசையில் 1,000 பேருக்குச் செய்தால், உண்மையான நோயாளிகள் 170 பேரும் நோயற்றவர்கள் 16 பேரும் அகப்படுவார்கள். கருவியின் உணர்திறன் இரண்டு இடங்களிலும் ஒன்றே. அறிக்கையின் நம்பகத்தன்மைதான் வேறு. முகாமில் முதலில் எக்ஸ்-ரே எடுத்து, ஐயம் உள்ளவர்களுக்கு மட்டும் மரபணுப் பரிசோதனை செய்வதன் காரணம் இதுவே.

மருந்துணர்திறனுக்கு மீண்டும் வருகிறேன், ஏனெனில் அது இயற்கையே வரைந்து வைத்த கோடு என்று மருத்துவர்களில்கூடப் பலர் எண்ணுகிறார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து குறித்து 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்விலேயே, முதலில் தேறிய நோயாளிகள் பலரிடம் கிருமி மருந்தை எதிர்க்கத் தொடங்கியது தெரிந்தது. ஆனால் எந்தக் காசநோய்க் கிருமிக் கூட்டத்திலும் மருந்தை எதிர்க்கும் சில கிருமிகள் இயல்பாகவே இருக்கும். எத்தனை இருந்தால் 'எதிர்ப்பு' என்பது? 1960களில் பாரிஸில் ஜார்ஜ் கனெட்டி முதலியோர் வகுத்த விகித முறையின் வழியில், கிருமியை வளர்க்கும் ஊடகத்தில் மருந்து கலந்த பிறகும் கிருமிகளில் 1 சதவீதமோ அதற்கு மேலோ வளர்ந்தால் எதிர்ப்பு என்று கொள்கிறோம். ஊடகத்தில் எவ்வளவு மருந்து கலப்பது என்பதும் மனிதர் எடுத்த முடிவுதான். 2021இல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசினுக்கான அந்த அளவை, திரவ ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமிலிருந்து 0.5 ஆகக் குறைத்தது. முன்பு 'சென்சிட்டிவ்' என்று எழுதியிருக்கக்கூடிய சில கிருமிகள் அன்றுமுதல் 'ரெசிஸ்டன்ட்' ஆயின. கிருமி மாறவில்லை, அத்தகைய கிருமி தொற்றியவர்களுக்கு வழக்கமான சிகிச்சை போதாமல் போவதைக் கண்ட அறிவு மாறியது. அதுபோலவே, சிபிநாட் அறிக்கையில் ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை என்று வந்தால் அது அந்த ஒரு மருந்தைப் பற்றி மட்டுமே சொல்கிறது. ஐசோனியசிட் எதிர்ப்பை, சிபிநாட் கருவியில் பொருத்தும் வழக்கமான கார்ட்ரிட்ஜ் பார்ப்பதேயில்லை. அதற்கு வேறு பரிசோதனை வேண்டும்.

தோல் பரிசோதனை வேறோர் உலகம். ராபர்ட் கோஹ் 1890இல் காசநோய்க்கு மருந்தென அறிவித்த டியூபர்குலின் என்ற கிருமிச் சாறு மருந்தாகப் பயன்படவில்லை. ஆனால் தொற்று ஏற்பட்டவரின் தோல் அதற்கு எதிர்வினை காட்டும் என்பதை வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1907இல் பயன்படுத்தினார். மறு ஆண்டு சார்ல் மாந்து தோலுக்குள் ஊசி போடும் முறையைக் கொண்டுவந்தார். 48 முதல் 72 மணி நேரத்திற்குள் அளக்கும் அந்தத் தடிப்பு, உடலின் தாமத மிகையுணர்வு, அதாவது ஓரிரு நாள் கழித்து வெளிப்படும் எதிர்வினை. தடிப்பு பெரிதாக இருப்பதால் நோய் முற்றியிருக்கிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. அது தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்பதையே காட்டுகிறது. தட்டம்மை வந்த குழந்தையிடம் இந்த எதிர்வினை தற்காலிகமாக மறைவதைப் பிர்கேயே கண்டார். எச்ஐவி தொற்றிலும் கடும் ஊட்டச்சத்துக் குறைவிலும் இதுவே நேர்கிறது. உடலின் உணர்திறன் மங்கும்போது பரிசோதனையின் உணர்திறனும் கூடவே மங்குகிறது. மாறாக, காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியும், மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகளும் நோய்த்தொற்று இல்லாமலேயே தடிப்பை உண்டாக்கும். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் பிசிஜி ஆய்வில், காசநோய்க் கிருமியால் வராத இத்தகைய உணர்திறன் அப்பகுதி மக்களிடம் பரவலாக இருந்தது தெரிந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி அங்கே தடுக்காமல் போனதற்கான விளக்கங்களில் ஒன்றாக அதை அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

புள்ளியியலாளரின் பொருளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சிகிச்சை ஆய்வில் பாதியில் காணாமல் போன நோயாளிகள் அனைவரும் குணமடைந்ததாகவும், பிறகு அனைவருக்கும் நோய் திரும்பியதாகவும் வைத்து இரண்டு முறை கணக்கிட்டு, முடிவு நிலைத்து நிற்கிறதா என்று பார்ப்பது அவருடைய பணி. ஆய்வுச் செய்தியைப் படிப்பவர்கள், அந்தச் சோதனை நடந்ததா என்று கேட்கப் பழக வேண்டும்.

இவ்வளவும் பரிசோதனைக்கு அனுப்பும் மருத்துவரின் கைக்கு வரும்போது ஒரு சிறு தாளில் வந்து நிற்கின்றன. மாதிரி சளியா, நிணநீர்க் கட்டியிலிருந்து எடுத்ததா, முன்பு காசநோய்ச் சிகிச்சை பெற்றாரா, பெற்றார் என்றால் எந்த ஆண்டு, எச்ஐவி நிலை என்ன, எந்த மருந்துகளுக்கு உணர்திறன் பார்க்க வேண்டும் என்று கேட்கும் விண்ணப்பத் தாள் அது. இவற்றில் முந்தைய சிகிச்சைக்கான கட்டமே பெரும்பாலும் காலியாக வருகிறது. 'டிரேஸ்' முடிவைப் படிக்க அதுவே எங்களுக்கு முதலில் தேவைப்படுகிறது. நோயாளிகள் பழைய சிகிச்சை அட்டையைக் கொண்டுவந்தால், மருத்துவர் அந்தக் கட்டத்தை அங்கேயே நிரப்பி அனுப்பிவிடலாம்.