பிங்: தமிழில் ஒரு சொல் போதுமா?

விபிஎன் (இணையத்தின் வழியே கணினிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் முறை) அமைத்து முடித்ததும் எல்லாரும் முதலில் கேட்பது "பிங் போகுதா பாருங்க" என்பதைத்தான். வீட்டுக் கணினியையும் வேறு ஊரில் இருக்கும் சர்வரையும் வயர்கார்டு, டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் மென்பொருளில் கோத்துவிட்டு, ஒன்றிலிருந்து மற்றது எட்டுகிறதா என்று பார்க்க நம்மிடம் இருக்கும் சொல் இது ஒன்றுதான். ஆனால் இந்த ஒரே சொல்லால் மூன்று நான்கு வெவ்வேறு சோதனைகளைக் குறிக்கிறோம், அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் பிறப்பு. அமெரிக்காவின் மேரிலாந்தில் அபர்டீன் என்ற இடத்தில் ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே வேலை பார்த்த மைக் மூஸ் 1983 டிசம்பரில், நெட்வொர்க் ஏதோ கோளாறு பண்ணுகிறதே என்று கடுப்பாகி எழுதிய சின்ன நிரல்தான் பிங். ஏறத்தாழ ஆயிரம் வரி. வேடிக்கை என்னவென்றால், அவர் எழுதி முடித்து முதல் பொட்டலத்தை (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டை) அனுப்புவதற்குள் அந்தக் கோளாறே சரியாகிவிட்டது. நிரல் மட்டும் இன்றுவரை நிற்கிறது.

பெயர் சோனாரிலிருந்து வந்தது. நீர்மூழ்கிகளைத் தேட நீருக்குள் ஒரு ஒலியை விடுவார்கள், அது எதிலாவது பட்டுத் திரும்பினால் அங்கே ஏதோ இருக்கிறது, திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரம் தெரியும். மூஸ் கல்லூரியில் சோனார், ரேடார் மாதிரிகளில் வேலை செய்தவர், அதனால் அந்த ஒலியின் பெயரையே வைத்தார். 'பேக்கெட் இன்டர்நெட் குரோப்பர்' என்பதன் சுருக்கம் பிங் என்று பல பாடக் குறிப்புகளில் பார்க்கலாம், தேர்வில்கூட எழுத வைக்கிறார்கள். தன்னைப் பொறுத்தவரை அது சுருக்கம் இல்லை, சோனார் ஒப்புமைதான் என்று மூஸே எழுதியிருக்கிறார். அதனால் அந்த விரிவை மொழிபெயர்த்துத் தமிழ்ச் சொல் ஆக்கும் வேலையே வேண்டாம்.

மூஸ் பதிவு செய்த இன்னொரு கதையும் உண்டு. விட்டுவிட்டு அறுந்த ஈதர்நெட்டோடு மல்லுக்கட்டிய ஒரு நிர்வாகி, பதில் வரும் ஒவ்வொரு முறையும் கணினி "பிங், பிங்" என்று ஒலிபெருக்கியில் கத்தும்படி செய்துவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கேபிள் முனையாக ஆட்டிப் பார்த்தாராம், சத்தம் எங்கே நின்றதோ அங்கே கோளாறு.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? 1981இல் வந்த ஆர்எஃப்சி 792 என்ற இணைய விதி ஆவணம் வகுத்த ஐசிஎம்பி நெறிமுறையில் (நெட்வொர்க் நிலைமையைச் சொல்லும் செய்திகளுக்கானது) வகை 8 'எக்கோ' கேட்கும் செய்தி, வகை 0 அதற்கான பதில். பெயரிலேயே எக்கோ இருப்பதால் 'எதிரொலி கேட்டல்', 'எதிரொலிப் பதில்' என்பது தமிழில் அப்படியே உட்காருகிறது. இந்தப் பிங்குக்கு 'எதிரொலிச் சோதனை' என்பதே சரியான சொல் என்பது என் கருத்து. போய்வர ஆகும் நேரத்தைப் 'போய்வரும் நேரம்' என்றாலே போதும்.

ஆனால் விபிஎன்னுக்குள் வந்தால் இந்தச் சொல் பாதியில் நின்றுவிடுகிறது. டெயில்ஸ்கேலில் 'டெயில்ஸ்கேல் பிங்' என்று தனிக் கட்டளை இருக்கிறது, அது சாதாரணமாக அனுப்புவது ஐசிஎம்பி எக்கோவே அல்ல. எதிர்முனையில் ஓடும் டெயில்ஸ்கேலையே நேராகக் கூப்பிட்டு, எந்த வழியாகப் பதில் வந்தது என்று சொல்கிறது. முதல் ஓரிரண்டு பதில்கள் பெரும்பாலும் டெர்ப் என்கிற இடைநிலை சர்வர் வழியாக வரும், அதற்குள் இரண்டு கருவிகளும் தங்கள் ரவுட்டர்களைத் தாண்டி நேர்வழி கண்டுபிடித்துவிட்டால் அடுத்த வரியில் எதிர்முனையின் ஐபி முகவரியும் போர்ட்டும் வந்துவிடும், கட்டளையும் அத்தோடு நின்றுவிடும். நேர்வழி கிடைக்காவிட்டால் 10 முறை கேட்டுவிட்டு நிற்கும். இதில் நேரத்தைவிட வழிதான் முக்கியச் செய்தி, அதனால் இதை 'வழிச் சோதனை' என்பேன்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. டெயில்ஸ்கேல் பிங் போகிறது, சாதாரணப் பிங் போகவில்லை என்றால் பொதுவாக ஏதோ ஒரு முனையின் இயங்குதள ஃபயர்வால் தடுக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் முதலாவது இயங்குதளத்தின் நெட்வொர்க் அடுக்குக்குள் நுழைவதே இல்லை. விண்டோஸில் பொது நெட்வொர்க் என்று குறித்திருந்தால் வெளியிலிருந்து வரும் எக்கோவுக்கு வழக்கமாகப் பதில் வராது. இரண்டையும் 'பிங்' என்றே எழுதி உதவி கேட்டால் பதில் சொல்பவர் எதைப் புரிந்துகொள்வார்?

வயர்கார்டில் நிலைமை வேறு. அதற்கென்று பிங் கட்டளை இல்லை. சரியான சாவி இல்லாத பொட்டலத்துக்கு அது வாயே திறக்காது, ஆகவே எதிர்முனையின் பொது முகவரியைப் பிங் செய்து பதில் வந்தாலும் வராவிட்டாலும் சுரங்கத்தைப் பற்றி, அதாவது விபிஎன் அமைக்கும் மறையாக்கப்பட்ட பாதையைப் பற்றி, ஒன்றும் தெரியாது. சுரங்கத்துக்குள் இருக்கும் முகவரிக்கு எதிரொலிச் சோதனை அனுப்பி, அப்புறம் இரு முனைகளும் சாவி சரிபார்த்துக்கொள்ளும் 'ஹேண்ட்ஷேக்' கடைசியாக எப்போது நடந்தது என்று பார்க்க வேண்டும். 'சாவி கிடைக்கவில்லை' என்ற பொருளில் பிழை வந்தால், அந்த முகவரி எந்தக் கூட்டாளியின் (சுரங்கத்தில் இணைத்த மறுமுனையின்) அனுமதிப் பட்டியலிலும் இல்லை என்று பொருள், கேபிளைக் குறை சொல்லாதீர்கள்.

எழுத்தில் ஒரு சங்கடமும் உண்டு. தமிழில் 'பிங்' என்று எழுதினால் மைக்ரோசாஃப்ட்டின் தேடுபொறியும் அதேதான், இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். கட்டளையின் பெயராக வரும்போது 'பிங்' என்றே விடுங்கள், கட்டளைகளை மொழிபெயர்க்க முடியாது. செயலைச் சொல்லும்போது எதிரொலிச் சோதனையா வழிச் சோதனையா என்று பிரித்து எழுதலாம். "சாயங்காலம் பிங் பண்ணு" என்று நண்பரிடம் சொல்வதற்கு 'கூப்பிடு' என்ற சொல் ஏற்கனவே இருக்கிறது.