கம்போஸ்ட்: மட்கும் மட்குரமும்

தோட்டப் பராமரிப்புத் தொழில் செய்பவர்களின் வண்டியில் மாலையில் ஏறுவது வெட்டிய புல், வேலியில் கத்தரித்த கிளை, கூட்டி அள்ளிய சருகு, பிடுங்கிய களை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘தோட்டக் கழிவு’ என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம். அதை என்ன செய்யலாம் என்று கேட்டால், ‘கம்போஸ்ட் போடலாம்’ என்பார்கள். சரி, கம்போஸ்ட் என்றால் எது? குவித்த நாளிலிருந்தே அந்தக் குவியலுக்கு அதுதான் பெயர். பாதி அழுகியதும் கம்போஸ்ட், சலித்து மூட்டை கட்டியதும் கம்போஸ்ட், தொட்டியில் நிரப்பும் நார்க்கலவையும் சில சமயம் கம்போஸ்ட். செடியின் வேருக்கு இவை ஒன்றல்ல. ஒன்று ஊட்டும், ஒன்று வாட்டும். அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது தொழிலுக்கே தேவையான வேலை.

கம்போஸ்ட் லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். லத்தீனில் ‘கோம்’ என்பது சேர்ந்து, ‘போனெரே’ என்பது வைத்தல். ‘கோம்போசித்தும்’ என்றால் சேர்த்து வைக்கப்பட்டது. கட்டுரையைக் குறிக்கும் கம்போசிஷனும் இதே வேரில் வந்ததுதான். ஆக, இந்தச் சொல்லின் வேரில் மண் கிடையாது, மட்குதல் கிடையாது. பலவற்றைக் கூட்டி வைத்தல் மட்டும்தான் இருக்கிறது. பிரிட்டனில் தொட்டிச் செடிக்கான மண்கலவையையும் கம்போஸ்ட் என்றே சொல்கிறார்கள். சதுப்புநிலத்தில் வெட்டியெடுத்த பீட் என்னும் பாதி மட்கிய தாவரப் பொருள் மட்டுமே நிறைந்த மூட்டையும் அந்தப் பெயரில் விற்கப்பட்டிருக்கிறது. வேர்ப்பொருளோடு பார்த்தால் அதில் தவறில்லை. ஆனால் நமக்கு அது போதாது.

வேளாண்மையில் இந்தச் சொல் பெரிய இடம் பிடித்ததற்கு ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டு ஒரு முக்கியமான காரணம். 1924 முதல் 1931 வரை இந்தூரில் தாவரத் தொழில் ஆய்வு நிலையத்தை நடத்தியவர். செடிகொடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கி, ஈரம் காத்து, புரட்டிப் போட்டு உரமாக்கும் முறையை யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து வகுத்து 1931இல் நூலாக வெளியிட்டார். இந்தூர் முறை என்று அதற்குப் பெயர். உழவர்கள் காலங்காலமாகச் செய்துவந்ததைக் கவனித்து, அளந்து, ஒழுங்குபடுத்தியது அவருடைய பணி. செய்முறை உலகம் சுற்றியது. பெயர் லத்தீன் வேரிலேயே நின்றுவிட்டது.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? கையில் பல சொற்கள் இருக்கின்றன.

முதலில் எரு. ‘ஏரினும் நன்றால் எருவிடுதல்’ என்கிறது 1038ஆம் குறள். அதற்கு முந்தைய குறள், ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது. நிலத்துக்கு ஊட்டமாக இடுவது எதுவானாலும் அங்கே எருதான். பிற்காலத்தில் இந்தச் சொல் மாட்டுச் சாணத்தோடு ஒட்டிக்கொண்டது. எருமுட்டை என்றால் நமக்குத் தோன்றுவது சாணம்தான். உரம் என்பது இதற்கு நேர்மாறாகப் பரந்து போனது. ‘உரம் ஒருவற்கு உள்ள வெறுக்கை’ என்னும் 600ஆம் குறளில் உரம் என்றால் ஊக்கம், மனவலிமை. நெஞ்சுரம் என்று இன்றும் சொல்கிறோம். மண்ணுக்கு வலிமை தருவது உரம் என்றானது அழகான வளர்ச்சிதான், ஆனால் யூரியாவும் உரம்தான் என்பதால் தனியாக அது நமக்கு உதவாது.

தொழு உரம் பொருத்தமில்லை. தொழு என்றால் மாடு கட்டும் இடம். சாணமும் கோமியமும் கூளமும் சேர்ந்து உருவாவது தொழு உரம். மாடே இல்லாத தோட்டத்துப் புல்லையும் சருகையும் அந்தப் பெயரால் அழைக்க முடியாது. பசுந்தாள் உரமும் வேறு: தக்கைப்பூண்டு, சணப்பை போன்றவற்றை வளர்த்துப் பச்சையாகவே மடக்கி உழுவது அது. கூட்டுரம், கலப்பு உரம் என்னும் பெயர்கள் லத்தீனை அப்படியே தமிழாக்கியவை. அவற்றைக் கேட்கும் உழவர் கடையில் விற்கும் காம்ப்ளக்ஸ் என்னும் ரசாயன உரத்தைத்தான் நினைப்பார். இப்படிக் குழப்பும் மொழிபெயர்ப்பைக் கைவிடுவதே நல்லது.

மிஞ்சுவது மட்கு. எனக்கு இதுவே சரியான சொல்லாகப் படுகிறது.

மட்குதல் என்பதற்கு ஒளி மழுங்குதல், வலிமை குன்றுதல், உருக்குலைந்து போதல் என்று பொருள்கள். பேச்சில் இது மக்குதல் ஆகிறது. வெட்கம் வெக்கமாகவும், கேட்க என்பது கேக்க என்றும் ஆவது போலத்தான். ‘இலையெல்லாம் மக்கிப் போச்சு’ என்று யாரும் யோசிக்காமல் சொல்கிறோம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று குப்பைத்தொட்டிகளிலும் எழுதியாயிற்று. மந்தமானவரை மக்கு என்பதும் அந்த மழுங்கல் பொருளோடு ஒத்துப்போகிறது. பாடப்புத்தகங்கள் ஹியூமஸ் என்பதை மட்கு என்றே எழுதுகின்றன. ஆகவே மண்ணில் சேரும் அந்தக் கரிய பொருளுக்கு மட்கு என்ற பெயர் இருக்கட்டும். நாம் குவித்துப் பக்குவப்படுத்தி எடுப்பது மட்குரம் ஆகட்டும். மட்கிய உரம், மக்குரம் என்றாலும் தவறில்லை. எழுத்தில் மட்குரம், பேச்சில் மக்குரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொல்லின் உண்மையான பயன், அது ஒரு நிபந்தனையைச் சுமந்து வருவது. கூட்டி வைத்தாலே கம்போஸ்ட் என்ற பெயர் பொருந்திவிடும். மட்கினால்தான் மட்குரம். நேற்றுக் குவித்த புல்லை யாரும் மட்கு என்று சொல்ல மாட்டார்கள், நாக்கே வராது. பெயரே தரத்தைக் காவல் காக்கிறது.

மட்குதல் நடப்பது எப்படி என்பதற்கும் தமிழ்ச் சொற்களே வழிகாட்டுகின்றன. பசுமையாக இருப்பது தழை. உலர்ந்து உதிர்ந்தது சருகு. ஒடிந்த மெல்லிய குச்சி சுள்ளி. நைட்ரஜனுக்கு நாம் வைத்த பெயர் தழைச்சத்து. பச்சைத் தழையில் அது மிகுதி, சருகிலும் சுள்ளியிலும் குறைவு. அங்கே கார்பன்தான் மிகுதி. நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்ய நைட்ரஜன் 1 பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும். வெட்டிய புல்லில் இது ஏறத்தாழ 15 முதல் 20 பங்குதான். சருகில் 40 முதல் 80 வரை போகும். மரத்துண்டில் சில நூறு. வெறும் புல்லைக் குவித்தால் அழுத்தி ஒட்டிக்கொண்டு காற்றுப் புகாமல் நாறுவதற்கும், வெறும் சருகைக் குவித்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடப்பதற்கும் இது ஒரு முக்கியமான காரணம். வண்டியில் வந்ததை வந்தபடி ஒரே இடத்தில் கொட்டாமல், தழை ஒரு பக்கம் சருகு ஒரு பக்கம் என்று வைத்துக் கலந்தால் பாதி வேலை முடிந்தது. சருகு உதிரும் பருவத்தில் மூட்டை மூட்டையாகச் சேமித்து வைப்பவரிடம், புல் மிகுந்து வரும் மாதங்களில் கலக்கப் பொருள் இருக்கும். தொழிலாகச் செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

அப்புறம் அளவு. நீள, அகல, உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் குவியல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். உள்ளே 55 டிகிரி செல்சியசுக்கு மேல் பல நாள் நின்றால் பெரும்பாலான களை விதைகளும் நோய்க்கிருமிகளும் அழியும். ஓரத்தில் இருப்பது உள்ளே போக வேண்டும் என்பதால் புரட்டுவது கட்டாயம். ஈரம் கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் அளவுக்கு இருக்கட்டும். கோரைக் கிழங்கையும் அறுகம்புல் வேரையும் சூடேறாத குவியலில் போடவே கூடாது. அவை மட்காது, பெருகும்.

சூடு தணிந்ததும் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் முதிர்ச்சி தொடங்குகிறது. முதிராத உரத்தை இட்டால் மண்ணிலுள்ள நைட்ரஜனை நுண்ணுயிர்களே எடுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். அதில் மிஞ்சியிருக்கும் அமிலங்களும் அம்மோனியாவும் இளவேரைச் சுடும். முதிர்ந்த மட்குரத்தில் மழை நனைத்த மண்ணின் வாசம் வரும், எந்த இலை எந்தப் புல் என்று அடையாளம் தெரியாது, புரட்டி நீர் தெளித்தாலும் மறுபடி சூடேறாது. இந்த மூன்றும் சேராத வரை அதற்கு மட்குரம் என்று பெயர் வைக்காதீர்கள்.

மட்கினாலும் போகாத ஆபத்து ஒன்று உண்டு. குளோபைராலிட், அமினோபைராலிட் என்னும் களைக்கொல்லிகள் குவியலின் சூட்டிலும் எளிதில் சிதையாதவை. புல்லைத் தொடாமல் அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்பவை என்பதால் புல் நிலங்களில் தெளிக்கப்படுகின்றன. அந்தப் புல் உரமாகிப் பாத்திக்குப் போனால் தக்காளியும் அவரையினச் செடிகளும் இலை சுருண்டு திருகிப் போகும். 2008இல் பிரிட்டனில் அமினோபைராலிட் கலந்த தொழு உரத்தால் வீட்டுத் தோட்டக்காரர்கள் பலருடைய காய்கறிப் பயிர் இப்படிக் கெட்டது. பல தோட்டத்துப் புல்லை ஒன்றாகச் சேர்க்கும் தொழிலில், ஒரு வாடிக்கையாளர் தெளித்த மருந்து மற்ற எல்லாருடைய பாத்திக்கும் போய்விடும். கடைசியாக என்ன தெளித்தீர்கள், எப்போது தெளித்தீர்கள் என்று கேட்டு எழுதி வைப்பதும், ஐயமுள்ள புல்லை அந்த நிலத்திலேயே விட்டுவிடுவதும் நல்லது. தயாரான உரத்தில் சில அவரை விதைகளை ஊன்றி, வித்திலைகளுக்குப் பின் வரும் உண்மை இலைகள் விரியும் வரை பார்த்துவிட்டு விற்பது இன்னும் நல்லது.

இனி ‘கழிவு’ என்ற சொல்லுக்கு வருவோம். கழிதல் என்றால் நீங்குதல், கடந்துபோதல். விலையில் தள்ளிக் கொடுப்பதும் கழிவு. இரண்டிலும் கணக்கிலிருந்து நீக்குவதுதான் பொருள். தோட்டத்தில் வெட்டியதைக் கணக்கிலிருந்து நீக்கத்தான் வேண்டுமா? புதிதாக வெட்டிய புல்லின் எடையில் ஏறத்தாழ 80 சதவீதம் நீர். அதை வண்டியேற்றிக் குப்பைக்கிடங்குக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் தண்ணீரைச் சுமப்பதுதான். அங்கே காற்றில்லாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இன்னொரு பக்கம் குப்பை என்ற சொல்லைப் பாருங்கள். அதன் பழைய பொருள் குவியல். நெல் குவித்திருந்தாலும் குப்பைதான். வயலுக்கு எருவைக் கொண்டுபோய்ப் போடுவதைக் ‘குப்பை அடிக்கிறோம்’ என்று உழவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அவர்கள் வாயில் குப்பை என்பது செல்வம். நகரத்து வழக்கில் மட்டுமே அது வீணாகிப்போனது.

எல்லாமே மட்குரமாக வேண்டும் என்றும் இல்லை. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், வெட்டியதை அங்கேயே உதிரவிட்டால் அது சில வாரங்களில் மறைந்து புல்லுக்கே ஊட்டமாகும். கிளைகளை இயந்திரத்தில் துண்டாக்கிச் செடிகளைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலம் பரப்பினால் மூடாக்கு. களையை அடக்கும், ஈரம் காக்கும். அடிமரத்தை ஒட்டிக் குவிக்கக் கூடாது, பட்டை அழுகும். சருகை மட்டும் தனியே நனைத்துக் குவித்து ஓராண்டோ ஈராண்டோ விட்டால் பூஞ்சைகள் அதை இலைமட்காக மாற்றும். அதில் சத்து குறைவு, ஆனால் நீர் பிடிக்கும் தன்மை மிகுதி, நாற்றுக் கலவைக்கு அருமையானது. மூடாக்கையும் இலைமட்கையும் மட்குரத்தோடு சேர்த்து ஒரே பெயரால் அழைத்தால், வாங்குபவர் எதை எங்கே இடுவது என்று திண்டாடுவார்.

எழுதும்போது சில வழக்குகள்: பொருளுக்கு மட்குரம், செயலுக்கு மட்கச்செய்தல், இடத்துக்கு மட்குக்குழி அல்லது மட்குக்குவியல், இன்னும் முடியாததற்கு மட்கிவரும் குவியல். ‘கம்போஸ்ட் உரம்’ என்று இரட்டிப்பாக எழுத வேண்டியதில்லை. மறுசுழற்சி என்பது பரந்த சொல், நெகிழிக்கும் கண்ணாடிக்கும் அதுவே; ரசீதில் ‘தோட்டக் கழிவு மறுசுழற்சி’ என்று மட்டும் போடாமல், ‘புல்லும் சருகும் மட்குரமாக்கப்பட்டன, கிளைகள் மூடாக்காக உங்கள் தோட்டத்திலேயே இடப்பட்டன’ என்று எழுதுங்கள். மூட்டையின் மேல் எவற்றிலிருந்து ஆனது, எந்த மாதம் குவித்தது, எந்த மாதம் சலித்தது என்ற மூன்றையும் குறித்துவிட்டால் வாங்குபவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.