பழைய பிரதி இருக்கிற பக்கம்தான் முதலில் பேசும்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் எங்கள் அலுவலக மூலையில் ஒரு சேர்வர் ஓடுகிறது. அதன் பிரதி கொழும்பில். பகல் முழுக்க இங்கே சேர்வதெல்லாம் இரவு இரண்டு மணிக்கு அங்கே போய்விட வேண்டும். அதில் பெரியது, தரவுத்தளத்தில் இருப்பதையெல்லாம் ஒரே கோப்பாகக் கொட்டி எடுக்கும் டம்ப் கோப்பு: ஒரு ஜிகாபைட். ஒரு நாளில் அதில் மாறுவது சில நூறு வரிகள்தான். வினாடிக்கு 10 மெகாபிட் போகும் இணைப்பில் முழுதையும் அனுப்பினால் 13 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து.

மாறினதை மட்டும் அனுப்பலாமே என்பீர்கள். சரி, எது மாறியது என்று எப்படித் தெரியும்? ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கோப்பும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் இருந்தால் அனுப்புகிற வேலையே இல்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் அவுஸ்திரேலியர்களான அன்ட்ரூ டிரிட்ஜலும் போல் மக்கராஸும். 1996இல் அவர்கள் வெளியிட்ட ஆர்சிங்க் என்ற நிரல்தான் எங்கள் இரவு வேலையைச் செய்கிறது.

முதலில் அது கோப்பின் அளவையும் கடைசியாக மாற்றிய நேரத்தையும் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் தொடாமல் போய்விடும். ஒத்துப்போகாவிட்டால்தான் கதை.

பழைய பிரதியை வைத்திருக்கும் கொழும்புதான் முதலில் வாய் திறக்கும். தன் கோப்பைச் சம துண்டுகளாக வெட்டும். துண்டின் அளவு ஏறத்தாழக் கோப்பின் அளவுக்கு வர்க்கமூலம். ஒரு ஜிகாபைட்டுக்குச் சுமார் 31,600 பைட். ஒவ்வொரு துண்டுக்கும் அதில் இருக்கும் பைட்டுகளை வைத்து இரண்டு அடையாள எண் கணக்கிட்டு இங்கே அனுப்பும்: சட்டென்று போடக்கூடிய லேசான எண் ஒன்று, வேறு துண்டுக்குத் தற்செயலாகப் பொருந்துவது மிக அரிதான கனமான எண் ஒன்று. இரண்டும் சேர்ந்து துண்டுக்கு 20 பைட் என்றே வைத்தாலும், மொத்தம் ஏழு லட்சம் பைட்டைத் தாண்டாது.

இனி யாழ்ப்பாணத்தின் முறை. இங்கேயும் அதே இடங்களில் வெட்டிப் பார்த்தால் என்ன? பந்தியில் தலைமாட்டில் ஒருவர் புதிதாக வந்து குந்தினால் எல்லோரும் ஓர் இலை தள்ளி உட்கார வேண்டியதுதான். கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்து கூடினாலும் அதுதான் நடக்கும். ஒரு துண்டும் பொருந்தாது. அதனால் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நூறு கோடி இடங்கள்!

இதைச் சாத்தியமாக்குவது அந்த லேசான எண். பைட் என்பது கணினிக்கு ஓர் எண்தான். 3, 7, 2, 9, 4 என்று ஐந்து பைட், நான்கு பைட் ஒரு துண்டு என்று வைப்போம். முதல் நான்கின் கூட்டுத்தொகை 21. ஓரிடம் நகர்ந்தால் திரும்பக் கூட்ட வேண்டாம். வெளியே போன 3ஐக் கழித்து, உள்ளே வந்த 4ஐக் கூட்டினால் 22. துண்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரு கழித்தல், ஒரு கூட்டல், அவ்வளவுதான். வெறும் கூட்டலுக்கு வரிசை மாறினாலும் தெரியாது என்பதால், இடத்தையும் கணக்கில் எடுக்கும் இன்னொரு கூட்டுத்தொகையும் கூடவே ஓடும். லேசான எண் பொருந்துகிற இடத்தில் மட்டும் கனமான எண்ணைப் போட்டு உறுதி செய்யும். எனக்கு இதில் பிடித்ததே இந்தச் சிக்கனம்தான்.

பிறகு இங்கிருந்து போவது ஒரு குறிப்பு: 'உன் 1ஆம் துண்டை எடு, அப்புறம் இந்தப் புதிய வரியைப் போடு, பிறகு 2ஆம் துண்டு...' கொழும்பு அதைத் தற்காலிகக் கோப்பொன்றில் கட்டி, முழுக்கோப்பின் அடையாள எண் சரிவந்த பிறகே பழையதன் இடத்தில் பெயர் மாற்றி வைக்கும். பாதியில் அறுந்தாலும் பழைய பிரதிக்கு ஒன்றும் ஆகாது.

இவ்வளவையும் நானே ஆறு மாதம் வீணாக்கினேன். அளவு குறையட்டுமே என்று டம்பைச் சுருக்கி ஜீசிப் கோப்பாக அனுப்பிக்கொண்டிருந்தேன். சுருக்கிய கோப்பில் ஆரம்பத்தில் ஒரு வரி மாறினால் அதற்குப் பிறகு வரும் பைட் எல்லாமே வேறாகிவிடும். பொருந்தத் துண்டே கிடைக்காது. சுருக்குவதை நிறுத்திய முதல் இரவு கொழும்பில் ஒப்பிடப் பழைய பிரதி இல்லாததால் முழுக்கோப்பும் போனது. அடுத்த இரவு, பதிவேட்டைத் திறந்தால் வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்திருந்தது. ஏதோ பிழைத்துவிட்டது என்று நினைத்து இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.