எக்ஸ்ப்ளாய்டேஷன் படம்: சுரண்டலா, தூண்டிலா?

‘எக்ஸ்ப்ளாய்டேஷன் படம்’ என்பதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாகப் போடும் சொல் ‘சுரண்டல் படம்’. நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். ஆனால் இந்தப் பேரில் வரும், குறைந்த காசில் எடுத்த பழைய பேய்ப்படங்களையும் ரத்தப்படங்களையும் பார்க்கப் பார்க்க, அந்தச் சொல் உறுத்தத் தொடங்கியது. சுரண்டல் என்றதும் யாரோ யாரையோ ஏய்க்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இந்தப் படங்களை விரும்பித் தேடிப் பார்ப்பவர்களுக்கு ஏமாந்த உணர்வே இல்லை. அப்படியானால் பிழை சொல்லில்தான் இருக்க வேண்டும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘எக்ஸ்பிளிகாரே’ என்றால் மடிப்பை விரிப்பது. அது பழைய பிரெஞ்சில் ‘ஒரு காரியத்தை முடித்துக் காட்டுவது’ என்று ஆனது. ஆங்கிலத்தில் இன்றைக்கும் ‘எக்ஸ்ப்ளாய்ட்’ என்ற பெயர்ச்சொல்லுக்குச் சாகசச் செயல் என்ற பொருள் உண்டு. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் சுரங்கம், காடு, நிலம் ஆகியவற்றிலிருந்து பயன் எடுப்பதற்கு ‘எக்ஸ்ப்ளுவாத்தாசியோன்’ என்றார்கள். அதுவரை அதில் பழி எதுவும் இல்லை. ஒரு மனிதனின் உழைப்பை இன்னொரு மனிதன் உறிஞ்சுவது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில், சோஷலிசச் சிந்தனை பரவியபோது வந்து ஒட்டிக்கொண்டது. நாம் ‘சுரண்டல்’ என்று மொழிபெயர்த்தது இந்தக் கடைசிப் பொருளை. நகத்தால் கீறி எடுப்பதைக் குறித்த சொல் அதற்கு அருமையாகப் பொருந்தியது, நிலைத்தும் விட்டது.

சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. 1910களிலும் 20களிலும் அமெரிக்கத் திரைத்தொழிலில் ‘எக்ஸ்ப்ளாய்டேஷன்’ என்றால் விளம்பரம், அதுவும் வழக்கமான போஸ்டரையும் செய்தித்தாள் விளம்பரத்தையும் தாண்டிய விளம்பரம். தியேட்டர் வாசலில் வேஷம் போட்ட ஆளை நிறுத்துவது, முகப்பையே குகை மாதிரி மாற்றுவது, தெருவில் ஊர்வலம் விடுவது எல்லாம் இதில் சேரும். நட்சத்திரமும் இல்லை, பெரிய ஸ்டுடியோவின் பேரும் இல்லை என்கிற படம் இப்படிக் கூவினால்தான் ஓடும். அதனால் அதற்கு ‘எக்ஸ்ப்ளாய்டேஷன் படம்’ என்று பேர் வந்தது. 1934 முதல் ஹாலிவுட் தன் ஒழுக்க விதிகளைக் கறாராக அமல்படுத்தியதும், ஸ்டுடியோக்கள் தொடக்கூடாத விஷயங்கள் எல்லாம் வெளியாட்களுக்குச் சரக்காயின. விலக்கப்பட்டதைக் காட்டுகிறோம் என்ற வாக்குறுதியே விளம்பரம் ஆயிற்று.

இந்தக் கலையில் அமெரிக்கத் திகில் பட இயக்குநர் வில்லியம் காசிலை மிஞ்ச ஆளில்லை. 1958இல் தன் படத்தைப் பார்த்துப் பயத்தில் செத்துப்போனால் 1,000 டாலர் தருவதாகப் பார்வையாளர்களுக்குக் காப்பீடு எடுத்தார். அடுத்த வருடம் ‘தி டிங்லர்’ படத்துக்காகச் சில இருக்கைகளின் அடியில் சின்ன மோட்டார்களைப் பொருத்தி, சரியான நேரத்தில் அதிரவிட்டார். இதையா சுரண்டல் என்பது? உள்ளே வருகிறவருக்கும் இது விளையாட்டு என்று தெரியும். தெரிந்துதான் டிக்கெட் வாங்குகிறார்.

அப்படியென்றால் தமிழில் என்ன சொல்லலாம்? ‘பரபரப்புப் படம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது எந்தச் சண்டைப் படத்துக்கும் பொருந்தும் என்பதால் எதையும் தனியாகச் சுட்டாது. ‘மலிவுப் படம்’ செலவை மட்டும் சொல்கிறது, கூடவே ஒரு இளக்காரத்தையும் சேர்த்துவிடுகிறது. நான் பயன்படுத்துவது ‘தூண்டில் படம்’.

தூண்டு என்ற வினையிலிருந்து வந்தது தூண்டில். விளக்குத் திரியைத் தூண்டுகிறோம், ஆளையும் தூண்டிவிடுகிறோம். அதே வினைதான் மீன்பிடி கருவிக்கும் பெயர் தந்திருக்கிறது. உசுப்புவது, ஆசை காட்டி இழுப்பது என இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது. சூதைப் பற்றிய 931ஆம் குறளில் வள்ளுவர் ‘தூண்டிற்பொன்’ என்கிறார். பொன் என்றால் அங்கே இரும்பு. இரை என்று நம்பி மீன் விழுங்குவது, இரைக்குள் மறைந்திருக்கும் இரும்பை. நல்ல தூண்டில் படம் செய்வதும் அதுதான். போஸ்டர் இரை, உள்ளே இரும்பு இருக்கும்.

1968இல் ஜார்ஜ் ரொமேரோ, பிட்ஸ்பர்க் பக்கத்தில் சுமார் 1,14,000 டாலரில் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ எடுத்தார். இரை, நடக்கும் பிணங்கள். கறுப்பு-வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப் போதுமாக இருந்தது. ஆனால் இரவு முழுக்கப் பிணங்களோடு போராடித் தப்பிக்கும் கதாநாயகன் ஒரு கறுப்பினத்தவர். காலையில் காப்பாற்ற வந்த கூட்டம் அவரைப் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. அப்புறம் வருபவை அசையாத படங்கள்தான், செய்தித்தாள் புகைப்படம் மாதிரி சொரசொரப்பானவை. இறைச்சிக் கொக்கி பிடித்த ஆட்கள், இழுத்துச் செல்லப்படும் உடல், நெருப்பு. பிணங்களைப் பார்க்கப் போனவர் அந்த வருட அமெரிக்காவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

1974இல் வந்த டோபி ஹூப்பரின் ‘டெக்ஸஸ் செயின் சா மாஸக்கர்’ படத்திலும் ஒரு கொக்கி வருகிறது. ஒரு பெண்ணைத் தூக்கி அதில் மாட்டுகிறார்கள். கொக்கி உடம்பில் இறங்குவதை ஒரு நொடிகூடக் காட்டவில்லை. அவள் முகம், துடிக்கும் கைகள், கீழே ஒரு தொட்டி, அவ்வளவுதான். அந்தத் தொட்டி எதற்கு என்று மனம் கணக்குப் போட்ட கணத்தில், இல்லாத ரத்தத்தை நாம் பார்த்துவிடுகிறோம். பலர் அதை நினைவிலிருந்து சொல்லும்போது ரத்தம் கொட்டியதாகவே சொல்வார்கள். காசு இருந்திருந்தால் ரப்பரில் ஒரு முதுகு செய்து காட்டியிருப்பார்களோ என்னவோ. இல்லாமைதான் அந்தக் காட்சியைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன். சாம் ரெய்மி ‘தி ஈவில் டெட்’ எடுத்தபோது செய்ததும் இதே வகைதான்: கேமராவை ஒரு பலகையில் பொருத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தரையோடு தரையாகப் பாய்ந்து வருகிறது. அதற்கு உருவம் செய்ய வேண்டிய செலவே இல்லை.

பயத்தை விரும்பிப் போய் வாங்குவதைத் தமிழ் இலக்கணம் புதிதாகக் கருதாது. தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை (அரசன் போன்ற மேலோர்). பேய்ப்படம், மிருகப்படம், கத்தி தூக்கிய கொலைகாரன் படம் என்று முதல் மூன்றும் இன்றைய திகில் பட வகைகளாகவே நிற்கின்றன. அருவருப்புக்கும் அங்கே ‘இளிவரல்’ என்று தனி மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி, உண்டு. ரத்தப்படங்களின் ருசி, அச்சமும் இளிவரலும் நகையும் (சிரிப்பும்) ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதில் இருக்கிறது.

இந்தப் படங்களோடு ஒட்டிக்கொண்டே வரும் ‘கல்ட்’ என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். ஒரு ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடும் படத்தைத்தான் ‘கல்ட் படம்’ என்கிறார்கள். லத்தீனில் ‘கோலெரே’ என்றால் நிலத்தைப் பண்படுத்துவது, பேணுவது, வழிபடுவது. தமிழில் இதற்கு நெருங்கிய வினை ‘போற்று’. போற்றுதல் வணங்குவதும்தான், காத்து வளர்ப்பதும்தான். ரொமேரோவின் படத்துக்கு வெளியீட்டின்போது தலைப்பை மாற்றினார்கள். அப்போது காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப் போக, படம் பொதுச்சொத்து ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதால் நள்ளிரவுக் காட்சிகளிலும் தொலைக்காட்சியிலும் ஓடிக்கொண்டே இருந்தது. அதைத் தூக்கி வளர்த்தவர்கள் ரசிகர்கள். எனவே ‘போற்றிகளின் படம்’ என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை. ‘கல்ட் படம்’ என்றே விட்டுவிடலாம். புரிகிற சொல்லைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை.

‘சுரண்டல்’ என்ற சொல்லையும் முழுக்க ஒதுக்கிவிடக் கூடாது. 1980இல் வந்த ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ என்ற இத்தாலியப் படத்தில் கேமராவுக்காக விலங்குகளை உண்மையாகவே கொன்றார்கள். ஆமை சாவது நடிப்பில்லை. நடிக்க வந்த பெண்ணை மிரட்டி ஆடை களையவைப்பது, ஆபத்தான காட்சிக்குப் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது, பேசிய கூலியைத் தராமல் விடுவது எல்லாம் எந்தப் படத்தில் நடந்தாலும் சுரண்டல்தான், அங்கே அந்தச் சொல்லைத்தான் எழுத வேண்டும். இருக்கைக்கு அடியில் மோட்டார் வைத்தவரையும் ஆமையைக் கொன்றவரையும் ஒரே சொல்லால் அழைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.