தொற்று: பற்றுவதா, பரவுவதா?

சின்னம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கால் மறுபடியும் வீங்கிச் சிவந்ததால் மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டாம் நாள் எலும்பு மருத்துவர், இன்ஃபெக்ஷியஸ் டிசீஸ் பிரிவிலிருந்து ஒருவர் நாளை வந்து பார்ப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார். மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. வாய் தானாகவே "தொற்றுநோய் மருத்துவர் வருகிறாராம்" என்றது. அவ்வளவுதான். சின்னம்மா தம் தண்ணீர் டம்ளரை மேசையின் மூலைக்கு நகர்த்தி வைத்தார். மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சாயங்காலம் பேரனை அழைத்து வர வேண்டாம் என்றார்.

அகராதிப்படி நான் சொன்னதில் பிழை இல்லை. பிறகு எங்கே இடறியது?

தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்ளுதல், பிடித்து ஏறுதல். கொடி கொம்பைத் தொற்றுகிறது. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தொற்றிக்கொள்கிறது. ஊரில் ஓடுகிற பஸ்ஸின் கம்பியில் தொற்றிப் பழகியவர்கள், கதவு மூடினால்தான் நகரும் சிங்கப்பூர் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டும் அந்தச் சொல்லை விடவில்லை. பேச்சில் அது 'தொத்து'. இங்கெல்லாம் ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவது ஒன்றின்மேல் தாவுவதில்லை. கொட்டாவி தொற்றும், பயம் தொற்றும் என்கிறோமே என்றால், ஆம், அங்கேதான் பொருள் வழுக்கத் தொடங்குகிறது. 'நோய்' வந்து சேர்ந்ததும் பற்றுதல் மறைந்து, பரவுதல் மட்டுமே காதில் விழுகிறது.

இன்ஃபெக்ஷன் என்ற சொல்லின் மூலம் லத்தீன். அங்கே அது தோய்த்தல், சாயமேற்றுதல். துணியைச் சாயத்தில் முக்கினால் நிறம் ஊறுவதுபோல உடலில் கேடு ஊறுகிறது என்பது பழைய எண்ணம். தொடுதலால் வருவதற்கு அந்த மொழியிலேயே வேறு சொல் உண்டு. கன்டேஜியன் அதிலிருந்து வந்தது. சாயத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட கிருமிக்கு மூலப்பொருள் புழு. கிரிம்சன் என்ற செந்நிறப் பெயரையும் வேர்வரை தோண்டினால் இதே புழுதான் கிடைக்கிறது. அந்தச் சாயத்தை ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுத்தார்கள்.

தொடுதலால் வரும் நோய்க்குத் தமிழும் தனிச்சொல் வைத்திருந்தது: ஒட்டுவாரொட்டி. ஒட்டுகிறவரை ஒட்டிக்கொள்வது. பாட்டிமார் வாயில் புழங்கிய சொல். அலுவலகத் தமிழுக்கு அது நாட்டுப்புறமாகப் பட்டதோ என்னவோ, எல்லாச் சுமையையும் தொற்றுநோயின் தலையில் ஏற்றிவிட்டோம்.

சின்னம்மாவின் அச்சத்துக்கு நாங்கள் வாழும் சிங்கப்பூரின் வரலாறும் காரணம். 1873இல் காலரா வந்து போன பிறகு, 1874இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் அமைந்தது. கப்பலில் வந்த தமிழர்கள் பலர் முதலில் மிதித்த சிங்கப்பூர் மண் அந்தத் தீவுதான். 1913இல் மோல்மீன் சாலையில் தொற்றுநோய் மருத்துவமனை வந்தது. 1920இல் மிடில்டன் மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1985இல் டான் டோக் செங் மருத்துவமனையோடு இணைந்தது. 2003இல் சார்ஸ் வந்தபோது இங்கே 238 பேருக்கு நோய் கண்டு 33 பேர் இறந்தார்கள். அதன்பின் 2019இல் 330 படுக்கைகளுடன் தொற்றுநோய்களுக்கான தேசிய நிலையம் திறந்தது. மறு ஆண்டே கொவிட். இத்தனைக்கும் பிறகு தொற்றுநோய் என்றதும் டம்ளரைத் தள்ளிவைக்காமல் என்ன செய்வார்?

ஆனால் இந்த மருத்துவர் பார்க்கும் நோய்களில் பலவற்றுக்கு அந்தப் பயம் பொருந்தாது. டெங்கி கொசுவால் வருவது. நோயாளியின் கையைப் பிடித்தால் வராது. மெலியோய்டோசிஸ் மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வருவது. பெருமழைக்குப் பின் கூடும். 1912இல் விட்மோரும் கிருஷ்ணசாமியும் ரங்கூனில் கண்டு எழுதிய நோய் அது. விட்மோர் நோய் என்ற பெயர் நிலைத்தது. கிருஷ்ணசாமியை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 2015இல் கஞ்சியோடு பச்சை மீன் சாப்பிட்டவர்கள் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் படுத்தார்கள். தட்டிலிருந்து வந்த தொற்று அது. அவ்வாண்டு இறுதியில் நன்னீர் மீனைப் பச்சையாக விற்கத் தடை வந்தது.

அதனால்தான் இவர்களின் வேலையில் பாதி கேள்வி கேட்பது. மறுநாள் வந்த மருத்துவர் ஊசியைத் தொடுவதற்கு முன் அரைமணி நேரம் பேசினார். அண்மையில் ஊருக்குப் போனீர்களா? பல் பிடுங்கினீர்களா? தோட்ட வேலை உண்டா? காலில் வெடிப்பு, புண்? மூட்டிலிருந்து எடுத்த நீரை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் வளர்ந்தது சின்னம்மாவின் தோலிலேயே குடியிருந்த கிருமி. உலோக மூட்டில் ஏறி, தன்மேல் பிசின்போல ஒரு படலத்தைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாம். அப்படலத்துக்குள் மருந்து எளிதில் புகாது. திறந்து கழுவ வேண்டும், பிறகு வாரக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும். நான் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவன் அங்கே ஒரு கணம் நின்றேன். கொடி கொம்பில் தொற்றுவதுபோல, உலோகத்தில் தொற்றிய கிருமி. சொல் தன் பழைய பொருளில் அப்படியே இருந்தது.

சின்னம்மா கேட்டார்: "அப்படியானால் ஒட்டுவாரொட்டி இல்லையே?" இல்லை என்றேன். டம்ளர் பழைய இடத்துக்கு வந்தது.

ஆகவே இன்ஃபெக்ஷனுக்குக் கிருமித்தொற்று என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன். இங்குள்ள செய்திகளில் ஏற்கெனவே பழகிய சொல். ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுவதற்கு ஒட்டுவாரொட்டி; கூச்சமாக இருந்தால் பரவும் நோய். ஊரே படுத்தால் கொள்ளைநோய், உலகம் படுத்தால் பெருந்தொற்று. படுக்கையருகே வந்து பார்ப்பவர் கிருமித்தொற்று மருத்துவர். அவரைத் தொற்றுநோயியல் வல்லுநர் என்று எழுதும்போது, எங்கே எத்தனை பேருக்கு எப்படிப் பரவியது என்று கணக்கிடும் வேறொருவரோடு குழப்பிவிடுகிறோம். அந்த மற்றவரை நோய்ப்பரவலியல் வல்லுநர் என்றால் போதும்.

பேரன் அன்று சாயங்காலமே வந்தான். வந்த வேகத்தில் கட்டில் கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறி, தாதியிடம் திட்டு வாங்கினான்.