எம்சி: சொல் விளக்கம்

எம்சி என்பது ‘மாஸ்டர் ஆஃப் செரிமனீஸ்’ என்பதன் சுருக்கம். விழாவுக்கு வந்தவர்களை வரவேற்று, அடுத்து என்ன என்று அறிவிப்பவர்; நம் மேடைகளின் தொகுப்பாளர். ‘மைக் கன்ட்ரோலர்’ என்று சிலர் விரிப்பது பின்னால் வந்த ஒட்டு.

தொகுப்பாளரைக் குறித்த சொல், தாளத்துக்கேற்பப் பேச்சுப்போல் அடிகளைச் சொல்லும் ராப் பாடுபவரைக் குறிக்கத் தொடங்கியது நியூயார்க்கின் பிராங்க்ஸில். அங்கே 1973 ஆகஸ்ட் 11 அன்று டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றிய விருந்தைத்தான், ராப்பை உள்ளடக்கிய ஹிப்ஹாப் கலையின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். மைக் பிடித்தவர் கோக் லா ராக். நண்பர்களின் பெயரைக் கூவுவது, ஆடுபவர்களை உசுப்பிவிடுவது, இவ்வளவுதான் வேலை. டிஜேதான் நாயகன்.

இந்த நிலை மாறியதற்கு மெல்லி மெல்லின் வாழ்க்கையே சாட்சி. இயற்பெயர் மெல்வின் குளோவர், 1961இல் பிறந்தவர். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்ற டிஜேயின் குழுவில் கவ்பாய், தன் சகோதரர் கிட் கிரியோல் ஆகியோரோடு மைக் பிடித்தார். வெறும் கூவல் எதுகையோடு கூடிய அடிகளாக வளர்ந்தது. ஒருவர் தொடங்கிய அடியை இன்னொருவர் முடித்தார். மைக் பிடித்தவர்கள் ஐவரானார்கள். ‘எம்சி’ என்பதைத் தனக்கான பட்டமாக முதலில் சூட்டிக்கொண்டவர் மெல்தான் என்று பரவலாகச் சொல்வார்கள்.

1982இல் வெளியான ‘தி மெசேஜ்’ இசைத்தட்டில் ஃபிளாஷின் பெயர்தான் முன்னால் இருக்கும். ஆனால் அதில் அவர் கைவண்ணம் எதுவும் இல்லை; ராப் பாடியவர்கள் மெல்லும் டியூக் பூட்டியும். நிறைவுப் பகுதி, 1979இலேயே வேறொரு தட்டில் மெல் பாடியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2002இல் சேர்ந்த முதல் ஹிப்ஹாப் பதிவு இதுதான். ஃபிளாஷ் பிரிந்த பிறகு மெல் ‘கிராண்ட்மாஸ்டர் மெல்லி மெல்’ ஆனார். டிஜேயின் பட்டத்தையே எம்சி எடுத்துக்கொண்டார்! 1984இல் சாக்கா கான் பாடிய ‘ஐ ஃபீல் ஃபார் யூ’ பாட்டின் தொடக்கத்தில் அந்தப் பாடகியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் குரலும் மெல்லுடையதே. பழைய கூவும் வேலை, இப்போது உலகம் முழுக்கக் கேட்டது.

சரி, ‘ராப்பர்’ வேறா? ‘ராப்’ என்றால் ஆங்கிலத்தில் முதலில் தட்டு, அடி. பிறகு கறுப்பின மக்களின் வழக்கில் சரளமான பேச்சு. ‘ரிதம் அண்ட் பொயட்ரி’ என்பதன் முதலெழுத்துச் சுருக்கம் என்பது கட்டுக்கதை. ராப் எழுதிப் பதிவு செய்கிற எவரும் ராப்பர். நேரில் கூட்டத்தைக் கட்டிப்போடத் தெரிந்தவரே எம்சி என்பது பழைய ஆட்களின் கணக்கு.

தமிழில் ராப்புக்குச் ‘சொல்லிசை’ நன்றாகவே பொருந்துகிறது. ராப்பரைச் சொல்லிசைஞர் எனலாம். எம்சிக்கு அது போதாது. ‘தொகுப்பாளர்’ என்றாலோ தொலைக்காட்சி நினைவுதான் வரும். என் தேர்வு கட்டியங்காரன். தெருக்கூத்தில் வேடங்களின் வரவைச் சொல்லி, கூட்டத்தைக் கிண்டலடித்துக் கலகலப்பாக்குபவர் அவர். கோக் லா ராக் செய்ததும் ஏறக்குறைய அதுவே. ஆனால் 1980களின் மெல்லுக்கு இந்தச் சொல் சிறிது. அவரைச் சொல்லிசைஞர் என்பதே சரி. பெயருக்கு முன் பட்டமாக வரும் ‘எம்சி’யை மட்டும் அப்படியே விட்டுவிடலாம்.